மிச்சமிருந்த ஐந்து வேட்டு

துப்பாக்கி என் பெயரில்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் கேட்கிறவர்கள் எல்லோரும் "யாருதும்மா, வீட்டுக்காரருதா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் கலியன் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த பயிர்ப் பாதுகாப்பு லைசென்சை என் பெயருக்கு மாற்ற நான் காஞ்சிபுரத்துக்கு எத்தனை நடை நடந்தேன் என்பது எனக்கும் அந்த 76-ஆம் நம்பர் பஸ்காரனுக்கும்தான் தெரியும். பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி என்று ஒரு குமாஸ்தா கேட்டார். காட்டுப்பன்னிக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியாதுங்க என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்ததில் என் காகிதம் கொஞ்சம் நகர்ந்தது.

எங்கள் ஊர் தாமல். ஏரிக்குப் பின்பக்கம், சீமைக்கருவேலம் புதர் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு ஏக்கர் பத்து சென்ட் கொல்லை. புதரில் பன்னிக் கூட்டம் இருக்கிறது. கடலை காய் பிடித்தால் போதும், அதுகளுக்கு மூக்கு அரிக்கும். பொழுது சாய்ந்ததும் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவேன். குண்டு கிடையாது. பன்னியைக் கொல்ல எனக்கு அனுமதியும் இல்லை, ஆசையும் இல்லை. குழாயில் வெடிமருந்தைப் போட்டு, மேலே தேங்காய் நாரை அடைத்து, சத்தம் மட்டும். அந்தச் சத்தத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் எட்டிப் பார்க்காது. அவ்வளவுதான் என் துப்பாக்கியின் வீரம்.

இந்தப் பங்குனியில் அந்த மருந்துதான் இல்லாமல் போனது.

லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெடிமருந்து விற்கிற வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரர் குரு கையை விரித்தார்.

"சரக்கே வர்லம்மா. நாலு மாசமா வருது வருதுன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க."

"ஏன் வர்ல?"

"அது எனக்கு இன்னா தெரியும்? மேல எங்கயோ பர்மிஷன் நிக்குதாம். வேலூர்ல கேட்டேன், அங்கயும் இல்ல. சென்னைல ரைபிள் சுடற புள்ளைங்களே தோட்டா இல்லாம கைய கட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்குதுங்களாம்."

"அதுங்களுக்கு மெடல் போவும். எனக்குக் கொல்ல போவும்."

குரு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சும்மா சொல்லவில்லை. தை மாதம் பொங்கலுக்கு வந்த என் மகன் விமல்ராஜ், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருக்கிறவன், கொல்லையைக் கன்டெய்னர் லாரி நிறுத்துகிற ஆளுக்குக் குத்தகைக்கு விடலாம் என்று ஆரம்பித்தான். ஹைவே பக்கத்தில் இருக்கிறது, முப்பது வருஷக் குத்தகை, மேலே ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிவிடுவார்கள். போன வருஷம் பன்னி துன்னதுபோக எத்தனை மூட்டைம்மா வந்தது என்று கேட்டான். பிடுங்குகிற சமயத்தில் நான் காய்ச்சலில் படுத்து வேட்டுப் போடாததில் அரை மூட்டைதான் வந்தது. அந்த அரை மூட்டையை அவன் நாலு பேர் எதிரில் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இந்த வாட்டி கடல வூட்டுக்கு வர்லன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன், போடா" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நானும் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. இந்த வாயால்தான் எனக்கு எல்லாக் கேடும்.

வீட்டில் தகர டப்பாவைத் திறந்து மூங்கில் குழலால் அளந்து பார்த்தேன். ஐந்து அளவு. ஐந்து வேட்டு. கடலை பிடுங்க இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

பக்கத்துக் கொல்லை வீரபாகு எனக்குக் கொழுந்தன் முறை. அவன் யோசனை சொல்ல வந்தான்.

"அண்ணி, தீவாளி பட்டாசு ரெண்டு பொட்டி மிச்சம் இருக்குது. பிரிச்சி மருந்த எடுத்துக்கலாம்."

"உன் கைய எண்ணிக் காட்டு."

"ஏன் அண்ணி?"

"பத்து விரலு இருக்குதில்ல? அத்தோட இரு. பட்டாசைப் பிரிக்கிறேன், பன்னி கடிச்சா வெடிக்கிற வெடிக்காயப் பொதைக்கிறேன்னு இந்தப் பக்கம் வந்தே, மொத வேட்டு உனக்குத்தான்."

அவன் போய்விட்டான். ஆனால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மருந்து இல்லாமல் இருபத்தைந்து நாளை எப்படி ஓட்டுவது?

முதல் அளவை வழக்கம்போலப் போட்டேன். தேங்காய் நார் அடைப்பு, நல்ல சத்தம். மூன்றாம் நாள் காலையில் வரப்போரம் குளம்புத் தடம் இருந்தது. வீட்டுச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் 'நார், இரண்டு நாள்' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இருக்கிறது ஐந்துதான் என்றதும் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கத் தோன்றியது. மருந்து தாராளமாகக் கிடைத்த வருஷங்களில் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது அளவைக் கருமித்தனமாகப் பாதி போட்டேன். அது யாரோ தும்மினதுபோல ஒரு சத்தம் கொடுத்தது. புதருக்குள் ஒரு பன்னி உறுமினது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. மீதிப் பாதியையும் போட்டேன், அதுவும் அதே கதி. நாட்காட்டியில் 'புத்தி கெட்ட வேலை' என்று எழுதினேன்.

மூன்று அளவு மிச்சம். மறுபடி குரு கடைக்குப் போனேன், மறுபடி கையை விரித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படியே காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போய் தில்லையம்மாள் வீட்டில் உட்கார்ந்தேன். தில்லை என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் அண்ணனும் அவளும் வீட்டிலேயே இரண்டு தறி வைத்துப் பட்டு நெய்கிறார்கள். நான் போனபோது அண்ணன் தறிக் குழியில் கால் வைத்தபடியே "வா தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நாடாவைத் தட்ட ஆரம்பித்தார்.

நான் என் கதையைக் கொட்டினேன். தில்லை மோரைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"துப்பாக்கி வச்சிக்கினு பன்னிய சும்மா மெரட்டத்தான் செய்யற. சுட்டாத்தான் இன்னா?"

"சுட்டா உள்ள தூக்கிப் போடுவான். நீ வந்து ஜாமீன் எடுப்பியா?"

"சரி வுடு. அடைப்பு லூசா இருந்தா சத்தம் போயிடும்னு சொன்னியே. இந்தா, இத அடச்சிப் பாரு."

ஒரு மஞ்சள் பையை இழுத்துப் போட்டாள். ஆறு மாசமாகச் சேர்ந்த கழிவுப் பட்டு. பாவு முடியும்போது அறுக்கிற துண்டு, அறுந்த இழை, சிக்கு விழுந்து எடுக்க முடியாமல் போன நூல். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் ஒரே உருண்டையாகக் கிடந்தது. அதைக் கையில் அழுத்தினால் கல் மாதிரி இறுகியது.

மூன்றாவது அளவைப் பட்டு அடைத்துப் போட்டேன். சத்தம் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் தடம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். தினம் விடிந்ததும் சுற்றி வந்து வரப்பு வரப்பாகக் குனிந்து பார்ப்பேன். நாய்த் தடம், நரித் தடம், வீரபாகுவின் செருப்புத் தடம், எல்லாம் இருந்தது. பன்னித் தடம் மட்டும் புதர் ஓரத்தில் வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. அந்த இடத்தில் மண் மிதிபட்டு இருந்தது. வந்து நின்று யோசித்திருக்கிறது. எதைப் பார்த்து யோசித்தது?

எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேட்டுச் சத்தம் கேட்டு இரண்டு நாள் வராதது வழக்கம். இது ஐந்து நாள். சத்தமா, பட்டா? பட்டென்றால் பட்டில் என்ன?

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் பைத்தியக்காரி என்பார்கள், வீரபாகு சொல்லவும் செய்தான். மிச்சம் இருந்த இரண்டு அளவில் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே பழையபடி தேங்காய் நாரை, பட்டு எவ்வளவு இறுகியதோ அவ்வளவு இறுக்கமாக அடைத்துப் போட்டேன்.

"ஏன் அண்ணி, பை நெறய பட்டு கீது, நாரப் போட்டு மருந்த வீணாக்கறியே?"

"சத்தமா பட்டான்னு தெரியணும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

"தெரியாம மட்டும் நீ இன்னா பண்ணிட்ட?"

மூன்றாம் நாள் காலை தடம் வந்துவிட்டது. வரப்பைத் தாண்டி ஒரு முழம் உள்ளே, நாலைந்து செடியை மூக்கால் புரட்டியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சத்தம் இல்லை. பட்டுதான்.

பட்டு வேட்டுப் போட்ட இடத்துக்குப் போய்த் தேடினேன். அடைப்பு எரிந்துகொண்டே போய் விழுந்த இடத்தில் கருகின உருண்டை ஒன்று கிடந்தது. கையில் எடுத்து நசுக்கினேன், தூளாக உதிர்ந்தது. மூக்கில் வைத்தேன். முடி பொசுங்கின நாற்றம், இத்தனை நாள் கழித்தும் லேசாக இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் சேலை வாங்குகிற யாருக்குத் தெரியாது இது? முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுவார்கள். முடி பொசுங்கின நாற்றம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் போலி. ஊரிலிருந்து சேலை எடுக்க வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நானே கடைக்காரன் முகத்துக்கு எதிரில் கொளுத்திக் காட்டியிருக்கிறேன். பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் சிலர் சலூன் முடியை வாங்கிவந்து கொல்லையைச் சுற்றித் தூவுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மருந்து தீர வேண்டியிருந்தது. மனுஷன் முடி பொசுங்குகிற இடத்தில் மனுஷன் நெருப்போடு நிற்கிறான் என்று அந்தப் பன்னி நினைக்கிறதோ என்னவோ. அது என்ன நினைக்கிறது என்று அதன் வாயால் கேட்டால்தான் உண்டு.

அன்று சாயங்காலமே நாலு உடைந்த சட்டியை நாலு மூலையிலும் வைத்தேன். சட்டிக்குள் வறட்டி நெருப்பு, அதன்மேல் ஒரு சிட்டிகை பட்டுக் கழிவு. லேசாகப் புகைந்துகொண்டே இருந்தது. வேட்டுப் போடவில்லை. காலையில் தடம் புதரோரம் வந்து நின்று திரும்பியிருந்தது. மறுநாளும் அப்படியே. பத்து நாள் இப்படிப் போனது. டப்பாவில் கடைசி அளவு மருந்து பத்திரமாக இருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து, புதரைப் பார்த்து, "வாயேன், வா" என்று பன்னியை வம்புக்கு இழுத்தேன். வீரபாகு தன் கொல்லைக்கும் இன்னொரு சட்டி கேட்டான். கொடுத்தேன். கொஞ்சம் அதட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

புதன்கிழமை கடலை பிடுங்க ஆள் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒருத்தியும் வருவதாக இல்லை, எல்லோருக்கும் வேறு கொல்லையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையோடு பையில் பட்டு தீர்ந்தது. தில்லைக்குப் போன் போட்டேன்.

"இன்னும் ஒரு பை குடுடி. மூணு நாளு ஓட்டிட்டா போதும்."

"சரி நாயகி. நாளைக்கி பஸ்ல குடுத்தனுப்பறேன்."

திங்கட்கிழமை மதியம் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தது பை இல்லை, ஒரு சாக்கு. தில்லைக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். மழுமழுவென்று ஒரே நீலமும் ரோஜாவும். சாயங்காலம் நாலு சட்டியிலும் அள்ளி அள்ளிப் போட்டேன். அன்றைக்கு எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. பம்புசெட் கொட்டகையில் போய்ப் படுத்துவிட்டேன்.

விடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டு எழுந்து வந்தால் கொல்லைக்குள் கூட்டம். கீழண்டை மூலை முழுக்க மூக்கால் உழுதுகொண்டு, மென்றுகொண்டு, சாவகாசமாக. ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. அந்தத் திமிரை என்னால் தாங்க முடியவில்லை. கடைசி அளவைப் போட்டு வெடித்தேன். ஓடின. ஆனால் கால் பங்கு கொல்லை போய்விட்டது. விடிந்ததும் அந்த உழுத மண்ணில் நின்று அழுதேன். அழுததை மறைக்க என்ன இருக்கிறது?

அழுது முடித்துவிட்டுச் சட்டியைப் பார்த்தேன். சாம்பல் இல்லை. கறுப்பு மணி மணியாக உருகி, சட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

போன் போட்டேன்.

"தில்ல, எனக்கு இன்னாடி அனுப்பிச்ச?"

"கழிவு நூலுதான். ஏன்?"

"பட்டாடி அது?"

பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"பட்டாடின்னு கேக்கறேன்."

"எங்க கிட்ட ஒரு கைப்பிடிதான் நாயகி இருந்திச்சி. ரெண்டு தறில எம்மாந்தான் கழியும்? முன்ன குடுத்தது ஆறு மாசத்துது. நீ ஆசையா கேட்டியேன்னு பக்கத்துத் தெரு பவர்லூம்ல போயி ஒரு சாக்கு வாங்கியாந்தேன். அடைக்கத்தான கேக்கறே, எந்த நூலா இருந்தா இன்னான்னு நெனச்சேன்."

அப்போதுதான் உறைத்தது. பட்டு நாற்றத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் இன்னும் துப்பாக்கிக்குள் அடைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் எதிரில் எல்லாம் இழையைக் கொளுத்திப் பார்க்கிற நான், தில்லை வீட்டிலிருந்து வந்ததை ஒரு குச்சி கிழித்துப் பார்க்கவில்லை. காஞ்சிபுரத்துத் தறி வீட்டிலிருந்து வந்தால் பட்டாகத்தான் இருக்கும் என்று மூக்கடைப்போடு படுத்துத் தூங்கினேன். தப்பு என்னுடையதுதான். அது தெரிந்தும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

மருந்து இல்லை. பட்டு இல்லை. நாளைக் காலை ஆள் வருகிற வரைக்கும் ஓர் இரவு இருந்தது. ருசி கண்ட கூட்டம் அன்றைக்குத் திரும்பி வராமல் இருக்காது.

சலூனுக்கு ஓடினேன். ராமராஜன் சலூன் சாத்திக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை. தாமல் என்ன, காஞ்சிபுரம் என்ன, எந்தச் சலூனும் செவ்வாய்க்கிழமை திறக்காது. வீட்டுக்கே போய்க் கேட்டேன். குப்பையையெல்லாம் நேற்றே முசரவாக்கத்துக்காரன் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றார். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். தலை வாரும்போது வருகிற சிக்குமுடியைப் பெண்கள் சுருட்டி ஜன்னலில் செருகி வைப்பார்களே, அதைக் கேட்டேன். போன வாரம்தான் முடிக்காரன் வந்து எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் டப்பா கொடுத்துவிட்டுப் போனானாம். இரண்டு வீட்டில் கொஞ்சம் இருந்தது. கேட்டதற்கு, "செவ்வாக்கெழமையும் அதுவுமா தலைமுடிய வெளிய குடுப்பாங்களாக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு இந்தக் கதி வராமல் இருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று மணி பஸ்ஸில் தில்லை வந்து இறங்கினாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அசல் பட்டு, ஒரு கைப்பிடி.

"உங்க அண்ணன் தறில இருந்தத அறுத்துக் குடுக்கட்டான்னு கேட்டாரு. நான்தான் வேணான்ட்டேன். அறுத்தா கல்யாண வூட்டுப் பொடவ போயிடும், அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது."

"இது ரெண்டு சட்டிக்கு வரும். காலைல வரைக்கும் தாங்காது."

அப்புறம்தான் அவளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். நாட்காட்டியைக் காட்டினேன். 'நார், இரண்டு நாள். பட்டு, ஐந்து நாள்.' தில்லை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தாள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் முடி இடுப்புக்குக் கீழே வரும். அதில் நரை பாதி, ஆனால் அடர்த்தி குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் தில்லைதான் எனக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவாள். கலியன் இருந்தபோது தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் ஈரம் துவட்டப் பின்னால் வந்து நிற்பார். அழகு என்று எனக்குச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

"இன்னிக்கி செவ்வாக்கெழம நாயகி."

"பன்னிக்குத் தெரியுமா அது?"

"புள்ள வெச்சிருக்கறவ. செவ்வாயில முடிய வெட்டக்கூடாதும்பாங்க."

"அந்தப் புள்ளதான்டி கொல்லைல ஜல்லி கொட்டறேன்றான். வெட்டு."

அவள் இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும், இழை வெட்டுகிற கத்தரி. அதை வைத்துக்கொண்டு என் பின்னலை அறுக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. பாதியில் அழ ஆரம்பித்தாள். "ஒழுங்கா வெட்டு, கோணலா போனா உன் தலய நான் வெட்டுவேன்" என்றேன். பின்னல் கையில் வந்தபோது தலை வெறுமையாக ஆடியது. கழுத்தில் காற்றுப் பட்டது. அவ்வளவு பாரத்தையா இத்தனை வருஷம் சுமந்தேன் என்று இருந்தது.

தில்லை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிலிருந்து ஓர் இழையை உருவினாள். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள். சுருண்டு, சாம்பலாக உதிர்ந்தது. மோந்து பார்த்துவிட்டு, கடைக்காரன் சொல்வதுபோலவே சொன்னாள்.

"ப்யூர் சில்க்கும்மா. தைரியமா எடுத்துக்கினு போங்க."

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தோம்.

அன்று இரவு முழுக்க நாங்கள் நாலு மூலைக்கும் மாறி மாறி நடந்தோம். பட்டு தீருகிற வரைக்கும் பட்டு இரண்டு சட்டி, முடி இரண்டு சட்டி, அப்புறம் நாலிலும் முடி. நெருப்பு அணையாமல் ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை. நாற்றம் தாங்காமல் தில்லை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே நடந்தாள். விடிந்ததும் நான் குனிந்தபடியே கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினேன். தடம் புதரோரம் வரைக்கும் வந்திருந்தது. பெரிய தடம், சின்னத் தடம், மொத்தக் கூட்டமும் வந்திருந்தது. வெகு நேரம் நின்றிருக்கிறது, மண் அப்படி மிதிபட்டிருந்தது. அங்கிருந்தே திரும்பிவிட்டது.

ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பத்து மணிக்குள் முக்கால் கொல்லை பிடுங்கியாகிவிட்டது. செடியை உதறினால் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

விமல்ராஜ் பைக்கில் வந்தான். புதன்கிழமை பிடுங்குகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வண்டியின் பக்கப் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறை துருத்திக்கொண்டிருந்தது. குத்தகைக் காகிதம் என்று எனக்குத் தெரியும். வந்தவன் கீழண்டை மூலையில் உழுது கிடந்த மண்ணைப் பார்த்தான். அப்புறம் களத்தில் கிடந்த குவியலைப் பார்த்தான். பதினோரு மூட்டைக்குக் குறையாது. நேரே என்னிடம் வந்தான். வியர்வையைத் துடைக்க நான் துண்டை அவிழ்த்தேன்.

அவன் முகம் மாறிவிட்டது.

"எம்மா. இன்னாம்மா இது?"

"இன்னா?"

"முடி. எந்தக் கோயிலுக்கும்மா வேண்டிக்கினு குடுத்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"கோயிலுக்கு இல்லப்பா. கொல்லைக்கிக் குடுத்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. தில்லை அவன் கையைப் பிடித்து வடக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் இங்கிருந்தே பார்த்தேன். அவள் ஏதோ சொன்னாள். அவன் சட்டிக்கு எதிரில் உட்கார்ந்தான். உள்ளே கையை விட்டான். பொசுங்காமல் மிச்சமிருந்த நரைமுடிச் சுருள் ஒன்று அவன் விரலோடு வந்தது. அதை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே வைத்தான்.

திரும்பி வந்தபோது பைக் பக்கம் போகவில்லை. சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டான். முதல் மூட்டையை முதுகில் ஏற்றிவிடச் சொல்லிக் குனிந்தான்.

"வூட்டுக்கா, விக்கறதுக்கு மார்க்கெட் கமிட்டிக்காம்மா?" என்று கேட்டான்.

"மொதல்ல வூட்டுக்கு" என்றேன்.